என் வாயில் வராத பெயர்

கடைக்குப் பெயர் வைப்பது பிள்ளைக்குப் பெயர் வைப்பதைவிடக் கஷ்டம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அந்தக் கடையே வேண்டாம் என்றிருப்பேன். பிள்ளைக்கு வைக்கிற பெயர் ஊரில் இன்னும் நூறு பேருக்கு இருக்கலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இன்டர்நெட் கடைக்கு அப்படியில்லை. உலகத்தின் எந்த மூலையிலாவது ஒருவர் முன்னாலேயே வாங்கி வைத்திருந்தால் அந்தப் பெயர் நமக்குக் கிடையாது.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. நாங்கள் திருவனந்தபுரம் வலியசாலையில் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தோம். என் வீட்டுக்காரர் நல்ல கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். துபாயிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் திருவனந்தபுரத்தில் இருக்கும் தங்கள் வீட்டாருக்குக் கேக், பூச்செண்டு, ஓணத்துக்குக் கட்டுகிற செட்டுமுண்டு என்று அனுப்ப ஒரு வெப்சைட் தொடங்கப்போகிறேன் என்று ஒருநாள் வந்து சொன்னார். வேலையை விட்ட பிறகுதான் சொன்னார். போனை எடுக்க ஆள் வேண்டுமே என்று நானும் டிராவல் ஏஜென்சி வேலையை விட்டேன். வீட்டில் இரண்டு சம்பளமும் ஒன்றாக நின்றன. ஓணத்துக்குள் ஆர்டர் வரவில்லையென்றால் என்ன ஆகும் என்று தினமும் கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

எல்லாம் தயார், பெயர் மட்டும் இல்லை. அவர் ஒவ்வொன்றாக டைப் செய்து பார்ப்பார், நான் நாற்காலிக்குப் பின்னால் நிற்பேன். "இதுவும் போச்சு" என்பார். பூ, தீபம், பொன், ஓணம், எதை எப்படிச் சேர்த்துப் போட்டாலும் எவனோ எடுத்திருந்தான். உலகத்தில் இத்தனை பேருக்கா வேலை இல்லை என்று எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மத்தியானம் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர் ஓடி வந்தார்.

"கெடச்சாச்சு. அம்மா பேரையே போட்டுப் பார்த்தேன். யாரும் எடுக்கலை. அப்பவே வாங்கிட்டேன்."

அம்மா என்றால் என் மாமியார். அடுப்படியிலிருந்து அவர் எட்டிப் பார்த்தார். "என் பேரா? வேற பேரே கெடைக்கலையா நோக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் சிரிப்பை மறைக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தச் சிரிப்பு போகவில்லை.

எனக்குத்தான் பகீரென்றது.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். எங்கள் வீட்டில் நாட்டுப்பெண் மாமியார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். மரியாதைக்காக மட்டும் இல்லை. பெரியவர்களின் பெயரைச் சொன்னால் அவர்களுக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாள். நான் பி.எஸ்ஸி. படித்தவள், அது பேத்தல் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அந்தப் பெயர் அம்மனுக்கும் உண்டு. விளக்கேற்றி சுலோகம் சொல்லும்போது அந்த இடம் வந்தால் எனக்கு இருமல் வந்துவிடும். புகுந்த வீட்டில் யாரும் என்னை அப்படி இருக்கச் சொன்னதில்லை. நானாகத்தான் இருந்தேன்.

அந்த வருஷம் கும்ப மாதத்தில், அதாவது மாசியில், இந்தப் பெயர் வைப்பதற்கு முன்பே மாமியாருக்கு மார்வலி வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கவுண்டரில் நோயாளியின் பெயரைக் கேட்டார்கள். அந்த நிலைமையிலும் எனக்கு வாய் வரவில்லை. துண்டுச் சீட்டு வாங்கி எழுதித்தான் கொடுத்தேன். இருதயம் பலவீனமாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதிலிருந்து அவர் மாடிப்படி ஏறினால்கூட நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். இனிமேல் நாள் பூராவும் போனை எடுத்து எடுத்து அந்தப் பெயரையே சொல்ல வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால்?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரித்தார். "இந்தக் காலத்துலயா? நீ படிச்சவதானே?"

"படிச்சவதான். வேலையை விடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேளா? பேர் வெக்கறதுக்கு முன்னாடியாவது கேட்டேளா?"

"பேர் போட்டு பொட்டியெல்லாம் பிரிண்டுக்குக் குடுத்தாச்சு. இனிமே மாத்த முடியாதாக்கும்" என்று எழுந்து போய்விட்டார்.

மாமியாரிடமும் சொல்ல வழியில்லை. நீங்கள் செத்துப்போய்விடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது என்று ஒருவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

இதற்குள் இன்னொரு சோதனை வந்து சேர்ந்தது. வெப்சைட்டில் கார்டு வழியாகப் பணம் வாங்குவதற்கு ஒரு கம்பெனி அனுமதி தர வேண்டும். அவர்கள் போன் செய்து, உண்மையாகவே ஒரு வியாபாரம் நடக்கிறதா என்று பார்ப்பார்களாம். எடுக்கிறவர் வியாபாரத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த அனுமதி இல்லையென்றால் கடையே இல்லை. நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்து வரும், அதற்குமேல் வராது. போன் அடித்தால் என் வீட்டுக்காரரையே எடுக்கச் சொல்வேன்.

அவர் ரிப்பன் வாங்கச் சாலை பஜாருக்குப் போயிருந்த நேரம் பார்த்து அந்தப் போன் வந்தது. ஒருவர் இங்கிலீஷில், எந்தக் கம்பெனி என்று கேட்டார்.

"கிஃப்ட் கம்பெனிதான் சார்" என்றேன்.

கம்பெனியின் பெயர் என்ன என்றார். வெப்சைட்டிலேயே இருக்கிறதே என்றேன். அது எனக்குத் தெரியும் மேடம், நீங்கள் சொல்ல வேண்டும் என்றார். போனில் எழுதிக் காட்ட முடியாதே! அவர் ஹலோ ஹலோ என்று கூப்பிடுகிறார். என் வீட்டுக்காரர் விட்ட வேலை, நான் விட்ட வேலை, அச்சடித்த பெட்டிகள் எல்லாம் கண்முன்னால் வந்தன. அப்போதும் நாக்கு அசையவில்லை.

மாமியார் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் ரிசீவரை வாங்கி, பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் பதில் சொல்கிற மாதிரி நிமிர்ந்து நின்று தன் பெயரைச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார்கள். உங்கள் பெயர் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். மாமியார், "சேம், சேம்" என்றார். பிறகு தேங்க்யூ சொல்லி வைத்துவிட்டார்.

"அம்மா, நான் வந்து…" என்று தொடங்கினேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

"சாரமில்லடி, பரவாயில்ல, போட்டும். நானும் எங்க மாமியார் பேரைச் சொன்னதில்லை. கார்டு அவா பேர்ல, ரேஷன் கடைக்காரன் நான் ஊமைன்னே நெனச்சிண்டிருந்தான். மார்வலி வந்ததுலேர்ந்து நீ என்னை எப்படிப் பாக்கறேன்னு நேக்குத் தெரியாதா?" என்றவர் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "என் பேரை நானே சொன்னா ஆயுசு கொறையாது. கூடத்தான் செய்யும். இந்தாத்துக்கு வந்தப்பறம் என்னை யாருமே பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பாத்துக்கோ."

அனுமதி வந்தது. ஓணத்துக்கு ஆர்டரும் வந்தது. அன்றிலிருந்து போன் மாமியாருடையது. தன் பெயரைச் சொல்லித்தான் எடுப்பார். கேக் கேட்கிறவர்களிடம் மலையாளத்தில் அவர்கள் அம்மாவின் சர்க்கரை அளவையும் விசாரிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விலாசத்தை எழுதிக்கொள்வேன். அப்படியும் என் பயம் முழுசாகப் போகவில்லை. காலையில் முதல் போனை அவர் எடுத்துப் பேசுகிற குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வரும்.

சில வருஷங்களுக்குப் பிறகு, ஓர் இடவ மாத மழையில், நம் வைகாசியில், மாமியார் தூக்கத்திலேயே போய்விட்டார். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை போன் அடித்தது. என் வீட்டுக்காரர் போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் எழுந்திருக்கவில்லை. நான் போய் எடுத்தேன். அந்தப் பெயரை முதல் தடவையாக என் வாயால் சொன்னேன். இனி அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துதான் சொன்னேன்.