செப்புத் தகடும் நகர்ந்த புள்ளியும்

ஐப்பசிக் கடைசியில், பெரம்பலூரில் வாடகைக் கார் நிறுவனம் நடத்தும் பாலசுந்தரம், ஓட்டுநர் அரியமுத்துவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். பதினோராண்டு ஓட்டியவருக்கு அன்று முதல் வண்டி கழுவும் வேலை.

காரின் ஜிபிஎஸ் பெட்டிதான் சாட்சி. ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் பயணிகளுக்காகக் காத்திருந்ததாக அரியமுத்து சொன்ன நேரத்தில், வரைபடத்தில் அவருடைய வண்டி முந்திரித் தோப்பு வரை மூன்று முறை போய்த் திரும்பியிருந்தது. கோயில் வாசலில் வாங்கிய பார்க்கிங் சீட்டை அரியமுத்து நீட்டினார். சீட்டை யாரும் வாங்கலாம் என்று சொல்லிவிட்டு, பணிப் பதிவேட்டில் சிவப்பு மையால் ‘தனிச் சவாரி ஓட்டியவர்’ என்று எழுதினார் முதலாளி.

அரியமுத்துவின் சந்தேகம் முதலில் பெட்டியைப் பொருத்திய சக ஓட்டுநர் பிரேம்குமார் மேல் விழுந்தது. நீண்ட பயணங்கள் இப்போது அவனுக்குத்தானே போகின்றன? ஆனால் எட்டாம் வகுப்போடு நின்ற அரியமுத்து, சந்தேகத்தையும் ஆதாரத்தையும் ஒரே கோப்பில் வைப்பவர் அல்லர். ஷெட்டில் நிற்கும் மூன்று கார்களும் திரையில் எங்கே தெரிகின்றன என்று பதிவிலிருந்து கால்மணிக்கொரு முறை குறித்துத் தரும்படி, அலுவலகக் கணினியைப் பார்க்கும் நர்மதாவிடம் கேட்டார்.

இரண்டு கார்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவர் ஓட்டிய கார் மட்டும், சாவி முதலாளியின் மேசைக்குள் பூட்டியிருக்க, திரையில் ஏரிக்குள் இறங்கியது. அடுத்த தெருவுக்குப் போனது. பத்தாம் நாள் குறிப்புகளைப் பார்த்தபோது அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. வெள்ளிக்கிழமை காலை ஏழு முதல் ஏழரை வரை புள்ளி அசையவில்லை.

அந்த அரைமணி நேரம், கழுவுவதற்காகக் கதவு பூட்டாமல் நின்ற அந்தக் காரின் டேஷ்போர்டின் மேலிருந்த செப்புத் தகட்டை எடுத்துப் புளிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர் அவரேதான். ஆயுத பூஜையன்று முதலாளி தம் கையால் ஒட்டிய, மந்திரக் கட்டம் பொறித்த எந்திரத் தகடு அது. அதற்கு நேர் கீழே ஜிபிஎஸ் பெட்டி. வானத்துச் செயற்கைக்கோளைப் பார்க்க வேண்டிய பெட்டி, செம்புக் கூரைக்கடியில் கண் தெரியாமல் தடுமாறியிருக்கிறது. ஆயுத பூஜைக்கு முந்தைய ஓராண்டு வரைபடத்தில் ஒரு கோணல்கூட இல்லை.

தாள்களை வரிசையாக முதலாளியின் முன்னால் வைத்தார்.

“சாமி மேலயே பழியப் போடுறியாய்யா?”

“சாமிய ஒண்ணும் சொல்லலைங்க. வச்ச எடத்தத்தான் சொல்றேன்.”

பாலசுந்தரம் செருப்பைக் கழற்றி, தகட்டைத் தாமே எடுத்துப் பின்கதவின் உட்புறம் ஒட்டினார். இருவரும் வாலிகண்டபுரம் சிவன் கோயில் வரை போய்த் திரும்பினார்கள். திரையில் கோடு சாலையை விட்டு இம்மியும் விலகவில்லை.

முதலாளி சாவியை நீட்டினார். அரியமுத்து வாங்கவில்லை.

“அந்தச் செவப்பு மைய அடிச்சு, பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க.”

“அதான் சாவி தந்துட்டேன்ல?”

“சாவிய நாளைக்கும் வாங்கலாங்க. எழுத்து அங்கயே இருக்கும்.”

முதலாளி பதிவேட்டை எடுத்து, அந்த வரியை அடித்துக் கையெழுத்திட்டார். அரியமுத்து அதைப் படமெடுத்துக்கொண்ட பிறகே சாவியைத் தொட்டார்.

இப்போதும் வண்டியை எடுக்குமுன் டேஷ்போர்டைத் தடவிப் பார்க்காமல் அவர் புறப்படுவதில்லை.