தணிகாசலத்தின் மலை டப்பா

பிள்ளையார்பாளையத்தில் தறி போடும் தணிகாசலம் பதினெட்டு வருஷமாகப் பர்வதமலை ஏறி வந்தவர். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வேன் பிடித்துப் போவார்கள். விடிந்ததும் ஏறத் தொடங்கி, வெயில் சாய்வதற்குள் இறங்கிவிடுவார்கள். பத்தொன்பதாம் வருஷம் அவர் மனைவி வடிவு குறுக்கே நின்றாள். அவருக்குச் சர்க்கரை வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. போன ஆடிக் கிருத்திகைக்கு மாத்திரையையும் போட்டுக்கொண்டு விரதமும் இருந்து, தறிக்குழியிலேயே மயங்கிச் சரிந்தவரை அவளும் மகள் ஜீவிதாவும்தான் தூக்கி வெளியே கிடத்தினார்கள்.

"இங்க நான் இருந்தேன், வாயில சக்கரைய போட்டேன். மலை மேல யாரு இருக்குறாங்க?" என்றாள்.

ஆதிகேசவன் இருக்கிறான் என்றார் தணிகாசலம். பெருமாள் பெயரை வைத்துக்கொண்டு வருஷம் தவறாமல் ஈசனைப் பார்க்க ஏறும் அடுத்த வீட்டுக்காரன். எல்லோருடைய தண்ணீரும் தின்பண்டமும் அவன் தோள்பையில்தான் போகும். அதைத்தான் வடிவு பிடித்துக்கொண்டாள். பை உச்சியில் இருக்கும்போது இவர் அடிவாரத்தில் இருப்பார் என்பது அவளுக்குத் தெரியும். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டாள். உயிருக்கு வேண்டியது அவர் இடுப்பிலேயே இருக்க வேண்டும். அது ஒருமுறை உதவாமல் போனாலும் மலை அதோடு சரி.

ஏனாத்தூர்க் கல்லூரியில் படிக்கும் ஜீவிதா, காட்டில் மாட்டிக்கொண்டால் பிழைக்க வேண்டியதையெல்லாம் வெள்ளைக்காரர் ஒருவர் உள்ளங்கை அளவு டப்பாவுக்குள் அடக்கிக் காட்டும் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். தூண்டில் முள் வந்த இடத்தில் தணிகாசலம், மலை மேல் மீனா பிடிக்கப் போகிறேன் என்று கேட்டார். ஆனாலும் முழுதாக இரண்டு முறை பார்த்தார். மறுநாள் சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பா காணாமல் போனது.

நான்கு நாள் அதே வேலையாக இருந்தார். குளுக்கோஸ் பொடியைப் பொட்டலமாக மடித்தார். பிரிக்க நேரமாகும் என்று தோன்ற, நாலு ஆரஞ்சு மிட்டாயையும் சேர்த்தார். ஜீவிதா பள்ளி விளையாட்டு விழாவில் ஊதிய விசில், தறியில் இழை வெட்டும் பாதி பிளேடு, தீப்பெட்டி, பஞ்சு, உப்புச் சர்க்கரைப் பாக்கெட் ஒன்று. டார்ச் அடங்கவில்லை. அதை எடுத்துவிட்டு மெழுகுவர்த்தித் துண்டு வைத்தார். பேரும் வீட்டு நம்பரும் 'சர்க்கரை நோயாளி' என்பதும் எழுதிய சீட்டை மூடிக்கு உள்பக்கம் ஒட்டினார். எடுத்து எடுத்து வைத்ததில் கடைசியில் மூடி சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

பனியில் நனையாதிருக்க டப்பாவைப் பாலிதீன் தாளில் சுருட்டி, முறுக்கேற்றிய பட்டு நூலை அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக நாற்பது சுற்று சுற்றினார். அறுந்த இழைக்குப் போடும் முடிச்சைப் போட்டார். தறியில் இழைகள் புகுந்து வரும் பன்னைச் சீப்பின் பல்லிடுக்கில் சிக்காமல் நழுவிப் போகிற அளவுக்குச் சிறியது, ஆயுசுக்கும் அவிழாது. வடிவு கையில் வாங்கி இழுத்துப் பார்த்தாள். முடிச்சு அசையவில்லை. திருப்தியாகத் தலையாட்டினாள்.

அந்த ஞாயிறு காலை வேனிலேயே இரண்டு இட்லியைத் தின்று மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மிச்சம் சாமி பார்த்த பிறகு என்று வைத்தார். படிக்கட்டு முடிந்து கல்பாதை தொடங்கும் இடத்தில், முன்னே போங்கப்பா, வந்துக்கினே இருக்கேன் என்று மற்றவர்களை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் பேச்சும் கேட்கவில்லை.

வியர்வை சில்லென்று இருந்தது. கைவிரல் நடுங்கியது. சர்க்கரை இறங்குகிறது, ஆடியில் வந்த அதேதான் என்று தெரிந்துவிட்டது. பாறையில் உட்கார்ந்து இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்தார். முடிச்சு எங்கே இருக்கிறதென்றே கண்ணில் படவில்லை. நகத்தால் தடவினார். நாற்பது வருஷம் அதே முடிச்சைப் போட்ட விரல்கள், நூலின் மேல் வழுக்கிக்கொண்டே இருந்தன. பல்லால் கடித்தார், பட்டு பல்லுக்கு அறாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. பிளேடு உள்ளே. விசில் உள்ளே. குரல் எழும்பவில்லை.

மேலேயிருந்து கிழவர் ஒருவர் வெறுங்கையோடு இறங்கி வந்தார். இவர் கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டியதும் புரிந்துகொண்டார். கொண்டுவந்த பழத்தையெல்லாம் குரங்கு பிடுங்கிக்கொண்டது என்றார். கத்தியும் இல்லை. டப்பாவை வாங்கி முடிச்சைத் தேடியவர், யாருய்யா இப்படிக் கட்டினது என்று வைதார்.

நான்தான் என்று சொல்லத் தணிகாசலத்துக்குத் தெம்பில்லை. கிழவரின் மடியில் பீடிக்கட்டு தெரிந்தது.

"நெருப்பு," என்றார். "நூல்ல வை."

கிழவர் தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். சுத்தப் பட்டுதானா என்று கடையில் ஓர் இழையைக் கொளுத்திக் காட்டுவார்களே, அதே போல நூல் சுருண்டு, மயிர் பொசுங்கும் நாற்றமடித்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. கிழவர் தாளைக் கிழித்து டப்பாவைத் திறந்து, குளுக்கோஸை அவர் வாயில் கொட்டினார். அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, கடைசி மிட்டாயும் கரைந்த பிறகு கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தார். பாதி மலையில் திரும்பியது பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மறைத்துவிடலாம் என்று வேனில் ஊர் எல்லை வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் மூச்சு விடாதே என்று ஆதிகேசவனிடமும் சொல்லி வைத்தார். வீட்டுக்கு வந்ததும், கருகிய நூலோடு டப்பாவை வடிவு முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் நூலை முகர்ந்து பார்த்தாள்.

"நல்ல பட்டுதான். கட்டினவருக்குத்தான் புத்தி இல்ல. வாங்கி இழுத்துப் பாத்து தலையாட்டினேனே, எனக்கும் இல்ல."

மலை அதோடு சரி என்று அவள் சொல்வாள் எனக் காத்திருந்தார். அவள் எழுந்து போய் ஜீவிதாவின் தலைமுடி ரப்பர் பேண்ட் ஒன்றைக் கொண்டுவந்தாள். விசிலைக் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் மாட்டினாள். பொட்டலத்தை மறுபடி மடித்து உள்ளே வைத்து, டப்பாவை மூடி ரப்பர் பேண்டைப் போட்டாள்.

"கண்ண மூடிக்குங்க. இடது கையால தொறங்க. பத்து எண்ணுவேன். தொறக்கலன்னா மலை கிடையாது."

ஏழில் திறந்துவிட்டார்.

"இன்னொரு வாட்டி," என்றாள் வடிவு.