மூன்று ஷிஃப்ட், ஒரு போட்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு போட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

தண்ணீரில் இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு ஃபைபர் பட்டறைக்குள். இந்தப் பக்கம் ஆசிட் டேங்க், அந்தப் பக்கம் வரிசையாக மொபைல் டாய்லெட். நடுவில் இரண்டு மரக்கட்டைகளின் மேல் வெள்ளையும் நீலமுமாக ஒரு போட். அதில் மடியில் ஹேண்ட்பேகை வைத்துக்கொண்டு நான்.

கீழே நின்றபடி பட்டறை ஓனர் பாஸ்கர் கேட்டார். “சீட்டு எப்டிக்கீது மேடம்?”

என்ன சொல்வது? எங்கள் ஸ்டாஃப் ரூம் நாற்காலியைவிட நன்றாகத்தான் இருந்தது. அதையே சொன்னேன். அவருக்குப் பரம சந்தோஷம்.

எனக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் வேறு மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. வீட்டில் திருத்த வேண்டிய பேப்பர் கட்டு அப்படியே கிடக்கிறது. இத்தனையும் விட்டுவிட்டு, திருவள்ளூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, அடிக்கிற வெயிலில் வந்து தரையில் நிற்கும் போட்டில் உட்காரும் ஒரு டீச்சரைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்? பஸ்ஸில் வரும்போது என்னைப் பற்றி நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

எல்லாம் எங்கள் வீட்டுக்காரரால் வந்தது. அவரால் மட்டும் என்றும் சொல்ல முடியாது. டேவிட், முனிரத்தினம் என்று இன்னும் இரண்டு பேர் இதில் கூட்டு.

மூவரும் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஸ்டீல் ரோலிங் மில்லில் வேலை செய்கிறார்கள். கன்ட்ரோல் ரூமில் ஒரு பேனல். அந்தப் பேனலுக்கு எந்நேரமும் ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான் மூன்று ஷிஃப்டுக்கு மூன்று பேர். ஒருவர் வந்து உட்கார்ந்தால்தான் இன்னொருவர் எழுந்திருக்கலாம். ஒருவருக்கு வார லீவு என்றால் மற்ற இருவரும் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். நாலாவது ஆள் வருகிறார், வருகிறார் என்று வருஷக்கணக்காகச் சொல்கிறார்கள்... இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறார்.

மில் ஆரம்பித்த புதிதில், மெஷின் செய்த வெளிநாட்டுக் கம்பெனிக்கே இந்த மூவரையும் டிரெய்னிங் அனுப்பினார்கள். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லிக்கொடுத்த மனிதர் இவர்களை ஒரு ஏரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். சொந்த போட் வைத்திருந்தாராம். காலையில் ஸ்கீ – அதாவது, காலில் பலகையை மாட்டிக்கொண்டு, ஓடுகிற போட்டின் கயிற்றைப் பிடித்தபடி தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டே போவது. மத்தியானம் அதே போட்டில் பெண்டாட்டி, பிள்ளைகள், சாப்பாடு, ஏரிக்கு நடுவில் ஒரு தூக்கம்.

டேவிட் பலகை மேல் கொஞ்ச தூரம் நின்றே போனாராம். முனிரத்தினம் போட் ஓட்டினாராம். எங்கள் வீட்டுக்காரர் ஏரித் தண்ணீரில் பாதியைக் குடித்தாராம். லைஃப் ஜாக்கெட்டில் மூவரும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கும் போட்டோ எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. எங்கள் கல்யாண போட்டோவைவிட அது கொஞ்சம் பெரிது. இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை.

இந்த வருஷம் திடீரென்று மூவருக்கும் அந்த ஏரி ஞாபகம் வந்துவிட்டது. நாமும் ஒரு போட் வாங்கினால் என்ன? கூட்டாக, செகண்ட் ஹேண்டில், ஸ்கீயும் இழுக்க வேண்டும், மூன்று குடும்பமும் போக வேண்டும்.

சரி, எங்கே ஓட்டுவது? பூண்டி ஏரி குடிநீருக்கு. பழவேற்காடு பறவைகளுக்கும் வலைகளுக்கும். இதையும் கேட்டேன். அதற்கும் பதில் இருந்தது. டேவிட்டின் மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் தடா தாண்டி ரிசார்ட் வைத்திருக்கிறார், உள்ளேயே பெரிய குளம், போட்டை அங்கேயே விட்டுவைக்கலாம். மூன்று பேருமே பேனல் ஆபரேட்டர்கள் ஆயிற்றே. எந்தக் கேள்விக்கும் ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள்.

பிறகு ஆரம்பித்தது தேர்வு. ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுகூட இவ்வளவு பாடு இல்லை. ஸ்கீ இழுக்கும் போட் என்றால் தாழ்வாக, தட்டையாக இருக்க வேண்டுமாம். அலை பெரிதாக எழக்கூடாதாம். குடும்பம் போகும் போட் என்றால் குழந்தைகள் எட்டிப் பார்த்து விழாதபடி பக்கம் உயரமாக இருக்க வேண்டும். இன்ஜின் நடுவில் இருந்தால் இழுக்க நல்லது. அதே இன்ஜின் நடுவில் இருந்தால் உட்கார இடமில்லை. தண்ணீரைத் தள்ளும் விசிறி அடியில் இருந்தால் ஆழமில்லாத குளத்தில் சேறு வாரும்...

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் வீட்டில் சாம்பாரோடு சேர்த்து இதைத்தான் பரிமாறுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், போட்டைப் பார்க்க மூவரும் சேர்ந்து ஒரு நாளும் வந்ததில்லை. டேவிட் தன் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்ப்பார். அடுத்த நாள் முனிரத்தினம் வந்து தட்டிப் பார்ப்பார். அதற்கடுத்த நாள் இவர். பிறகு பேனல் கைமாறும் அந்தப் பத்து நிமிஷத்தில், கேட்டில் பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, ஒருவர் மற்றவரிடம் சொல்வார். அவர் அடுத்தவரிடம். இப்படி ஒரு போட் மூன்று ஷிஃப்ட் சுற்றி வரும்.

முடிவாக, “குடும்பம் உக்காரப் போவுது, பொம்பளைங்க ஒருவாட்டி பாத்துடுங்களேன்” என்று எங்களை அனுப்பிவிட்டார்கள்.

டேவிட் மனைவி எஸ்தர் கும்மிடிப்பூண்டிக்காரி. டெய்லரிங் கடை வைத்திருக்கிறாள். முனிரத்தினம் மனைவி விஜயா பொதட்டூர்பேட்டையில் பிறந்தவள். வாயில் தெலுங்கு எட்டிப் பார்க்கும். ஆயுத பூஜை அன்று மில்லை அரை நாள் நிறுத்தி, குடும்பத்தையும் உள்ளே விடுவார்கள் இல்லையா? அங்கேதான், சந்தனம் பூசிய பேனலுக்கு முன்னால், கையில் பொரி பொட்டலத்தோடு நாங்கள் சிநேகிதமானோம். எங்கள் ஆண்களைவிட நாங்கள்தான் இப்போது மூவருமாக அதிகம் சந்தித்துக்கொள்கிறோம்.

விஜயா வரும்போதே பிரியாணி குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். காலி குண்டான்தான். “இது வைக்க எடம் கீதான்னு பாக்கணும்க்கா. ஆளுங்க எப்டினா நெருக்கிக்கினு உக்காந்துக்கலாம். இத்த எங்க வைக்கறது?”

எஸ்தர் புடவையோடு ஏணியில் ஏறி இறங்கிப் பார்த்தாள். நான் சீட்டில் உட்கார்ந்து நிழல் வருகிறதா என்று பார்த்தேன். மேலே கூரை என்று ஒரு துண்டுத் துணி இருந்தது. ஓட்டுகிறவர் தலைக்கு மட்டும். மற்றவர்கள் காய வேண்டியதுதான்.

குண்டானோடு இடம் தேடிய விஜயா, முன் சீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றைச் சீட்டைக் காட்டினாள். மற்ற சீட்டெல்லாம் முன்னால் பார்த்திருக்க, அது மட்டும் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

“இது இன்னாத்துக்கு நைனா திரும்பிக்கினு கீது?”

“அது முக்கியமான சீட்டும்மா,” என்றார் பாஸ்கர். “ஓட்றவரு முன்னால பாத்துதானே ஓட்டணும்? பின்னால கயிற புடிச்சிக்கினு வர்றவரு வுழுந்துட்டாருன்னா யாரு சொல்றது? அதுக்கு ஒருத்தர் இங்க உக்காந்து பாத்துக்கினே வரணும். ஓட்றதுக்கு ஒருத்தர், பாக்கறதுக்கு ஒருத்தர், தண்ணில ஒருத்தர். மூணு பேரு இல்லாம இத எடுக்கவே கூடாது.”

விஜயா குண்டானை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“மூணு பேருமா? அப்ப மில்லுல யாரு?”

நான் எஸ்தரைப் பார்த்தேன். எஸ்தர் என்னைப் பார்த்தாள்.

பாஸ்கருக்கு ஒன்றும் புரியவில்லை. “அதுக்கின்னா மேடம்... ஊட்ல யாருனா உக்காரட்டும். நீங்களே உக்காருங்களேன்.”

“ஆளுக்கா பஞ்சம்?” என்றாள் எஸ்தர். “அவங்க மூணு பேரும் ஒண்ணா போறதுக்குதானேப்பா போட்டே!”

எஸ்தர் பெண் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் சர்ச்சுக்கு எங்கள் வீட்டுக்காரர் வந்தார். சாயந்திரம் ரிசப்ஷனுக்கு முனிரத்தினம் வந்தார். இவர் போய் பேனலில் உட்கார்ந்தபின்தான் அவரால் கிளம்ப முடிந்தது. அந்த ஆல்பம் முழுக்கத் தேடினாலும் மூவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று கிடையாது. சொந்தப் பெண் கல்யாணத்துக்கே முடியாதது, ஸ்கீ விளையாட முடியுமா?

ஒருவரை ஒருவர் தினமும் பார்க்கிறார்கள். அதனால் தாங்கள் எப்போதும் சேர்ந்தே இருப்பதாக மூவருக்கும் ஒரு நினைப்பு. பத்துப் பத்து நிமிஷமாகப் பார்த்துக்கொண்டே வயசாகிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

பட்டறை வாசலில் டீ குடித்தோம். யார் போய்ச் சொல்வது?

“நான் சொல்ல மாட்டேம்பா,” என்றாள் எஸ்தர். “ராவெல்லாம் முழிச்சிட்டு வந்தாக்கூட நாஷ்டா துன்னும்போது போட்டு கதைதான். அந்த மொகத்தப் பாத்துட்டு எப்டி சொல்றது?”

“என்னால ஆவாதுக்கா,” என்றாள் விஜயா. “நீதான் டீச்சராச்சே. பெயிலுன்னு சொல்லிச் சொல்லி உனக்குப் பழக்கம்.”

ஆக, வழக்கம்போல என் தலையில் விழுந்தது. திரும்பும் பஸ்ஸில் முழுக்க நின்றுகொண்டே வந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து யோசித்து, பெரியபாளையம் தாண்டியதும் யோசிப்பதையே விட்டுவிட்டேன். அவ்வளவு அலுப்பு.

பன்னிரண்டு மணி நேரம் முடிந்து அவர் வந்தார். கண் சிவந்திருந்தது. தட்டைப் போட்டேன். முதல் கேள்வியே – “போட்டு எப்டி இருந்துச்சி?”

“நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா அதுக்கு ஒரே நேரத்துல மூணு பேரு வேணுமாம்.”

பிசைந்த கை நிற்கவில்லை. “தெரியும்,” என்றார்.

“இன்னா தெரியும்? மூணு பேரும் வெளிய வந்துட்டா பேனல்ல யாருங்க?”

“அதான், தெரியுன்றேன்ல சுமதி. மொதல் நாளே தெரியும். அந்த ஏரில நாங்கதானே போனோம்? பின்னால பாத்துக்கினு ஒருத்தன் உக்காந்திருந்தது எங்களுக்குத் தெரியாதா?”

“அவங்களுக்கும் தெரியுமா?”

“தெரியாம இன்னா? யாரும் வாயத் தொறந்து சொல்லிக்கல. அவ்ளோதான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் ஞாயிறு! என் முழங்கால்! இரண்டு பஸ்! “அப்புறம் எதுக்குங்க இந்தப் பேஜாரு? எங்கள வேற வெயில்ல அனுப்பிக்கினு?”

அவர் இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றிக்கொண்டார். பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“இத்தினி வருஷமா அந்தப் பத்து நிமிஷத்துல நாங்க இன்னா பேசுவோம் தெரியுமா? ‘ரெண்டாவது ஸ்டாண்டு பேரிங் சூடாவுது, பாத்துக்கோ.’ ‘சரி.’ ‘கரன்ட் ஒருவாட்டி போச்சி.’ ‘சரி.’ அவ்ளோதான். ஹாரன் அடிச்சிருவான், ஓடிருவோம். டேவிட்டு அப்பா செத்து காரியம்லாம் முடிஞ்சி வந்தான். அவங்கிட்டகூட பேரிங்கதான் பேசினேன். வேற பேச டைமில்ல.”

தண்ணீர் குடித்தார்.

“இப்ப போட்டு பேசறோம். முனி சிரிக்கிறான். அவன் சிரிச்சி எத்தினி நாளாச்சி... நேத்து பஸ்ஸ வுட்டுட்டு நின்னு பேசினோம்.”

“சரி, வாங்கிட்டா?”

“வாங்கிட்டா அப்புறம் பேச இன்னா கீது?”

கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். படுத்ததும் குறட்டை. நான் பேப்பர் கட்டைப் பிரித்தேன். ஒரு பேப்பர்கூட ஓடவில்லை. ஹாலில் மாட்டியிருந்த அந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்று பேரும் எவ்வளவு ஒல்லி! சத்தியமாகச் சொல்கிறேன், மனசு கனத்துப் போனது. ஒரு சிநேகிதத்துக்கு நாளைக்குப் பத்து நிமிஷம்தான் என்று வைத்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் மேல் எனக்குக் கோபம். ஆனால் கோபித்து என்ன ஆகப்போகிறது? காலையில் அவரை மறுபடி பஸ் ஏற்றி அனுப்பியதும் நான்தான்.

எஸ்தருக்கும் விஜயாவுக்கும் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். விஜயா மூக்கை உறிஞ்சினாள். எஸ்தர் மட்டும் கேட்டாள். “அந்த போட்டு ஓகேன்னு சொல்லிட்டியா டீச்சர்?”

“இன்னும் இல்ல.”

“சொல்லாதே.”

சொல்லவில்லை. குண்டான் வைக்க இடமில்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டோம். அது மில்லுக்குள் மூன்று ஷிஃப்டும் சுற்றி வந்ததாகத் தகவல். குண்டானைச் சின்னதாக்கலாம் என்று டேவிட்டும், கூடாது, போட்டைத்தான் பெரிதாக்க வேண்டும் என்று முனிரத்தினமும் ஒரே சண்டையாம்.

நேற்று பாஸ்கர் போன் செய்தார். இன்னொரு போட் வந்திருக்கிறதாம். இதைவிட அகலம், நல்ல இன்ஜின், குண்டான் தாராளமாக உட்காருமாம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் போய்ப் பார்க்கிறோம்.

அதில் நிழல் போதாது. இப்போதே முடிவு செய்துவிட்டேன்.