ஆயர் தாவாருக்குக் கொண்டுபோன நீலம்

சனிக்கிழமை, காலை 11.20. கோலாலம்பூரிலிருந்து வந்த ரயில் என்னை ஈப்போவில் இறக்கிவிட்டது. இரண்டரை மணி நேரப் பயணம். கட்டணம் நாற்பது ரிங்கிட்டுக்குச் சற்று மேல். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுவது என் தொழில். பழைய நகரத்துச் சந்துகளில் இருக்கும் சுவர் ஓவியங்களைப் பார்ப்பதற்காகவே திருச்சியிலிருந்து புறப்பட்டு வந்திருந்தேன்.

ஒரு காப்பிக்கடையின் பக்கச்சுவரில், ஏணிமேல் நின்று ஒரு பெண் வரைந்துகொண்டிருந்தார். பெயர் மகேஸ்வரி, வயது ஐம்பத்திரண்டு. வார நாள்களில் பெயிண்ட் கடையில் வாடிக்கையாளர் கேட்கும் நிறத்தைக் கலந்து கொடுப்பவர். சனி, ஞாயிறுகளில் சுவரில் வரைபவர். ரப்பர் மரங்களுக்கு நடுவே, முதுகில் தோம்பு என்கிற மருந்துத் தொட்டியைச் சுமந்து களைக்கொல்லி அடிக்கும் ஒரு பெண்ணை ஆள் உயரத்துக்கு இருமடங்காக வரைந்திருந்தார். தோம்பிலிருந்து ஒழுகி முதுகை நனைக்கும் நீல மருந்தும் இரண்டு கைகளும் மட்டும் மீதமிருந்தன. அந்த இடங்களில் வெள்ளைச் சுவர் தெரிந்தது.

“அதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க அக்கா?” என்றேன்.

“நீலம் சரியா வரல தங்கச்சி. கடையில எத்தனையோ நீலம் இருக்குலா. எங்க அக்கா முதுகுல இருந்த நீலம் அதுல இல்ல. கையும் அந்த நீலம் பட்ட கைதான்.”

சுவரில் இருப்பவர் அவருடைய அக்கா புஷ்பம். பதினேழு ஆண்டுகள் தோட்டத்தில் மருந்தடித்தவர். இப்போது நுரையீரல் கெட்டு, ஆயர் தாவாரில் மகன் வீட்டில் இருக்கிறார். தன்னைத் தங்கை வரைவது அவருக்குத் தெரியாது.

“நாளைக்குப் போய்ச் சொல்லணும். வேணாம்னு சொல்லிட்டா மொத்தத்தையும் அழிச்சிடுவேன். தனியாப் போக பயமா இருக்கு. நீங்களும் வாங்களேன்.”

ஞாயிறு, காலை 8.00. சிம்பாங் பூலாயில் மகேஸ்வரியின் வீடு. பின்னால் நிற்கும் சுண்ணாம்பு மலையின் ஒரு பக்கத்தைக் கல்லுக்காக வெட்டியெடுத்திருந்தார்கள். முருங்கை இலைகள்மேல் வெள்ளைத் தூசு படிந்திருந்தது. பசியாறிவிட்டு அவருடைய பழைய காடியில், அதாவது காரில், கிளம்பினோம். ஆயர் தாவார் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். என் மடியில் சின்னச் சின்ன டப்பாக்களில் நீலங்களும் கொஞ்சம் மஞ்சளும் ஒரு வெள்ளைத் தட்டும் இருந்தன.

பேராக் ஆற்றைக் கடந்தபின் இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். ஒரு மண் சாலை முனையில் காடியை நிறுத்தினார்.

“இங்கதான் எங்க லயம் இருந்துச்சு.”

பார்த்தேன். வரிசையாகச் செம்பனைகள் நின்றன. அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை.

“பச்சை பெயிண்ட் மட்டும் நான் வாங்கறதில்ல,” என்றார். “விடியக்காலம் ஆறு மணிக்குப் ரப்பர் பால் மரத்துல ஏது பச்சை? கறுப்புதான். கறுப்புல கொஞ்சம் மஞ்சள் விட்டு, அந்தப் பச்சையை நானே செஞ்சுக்குவேன்.”

காலை 10.30. புஷ்பம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் மூச்சு முட்டுமாம். கைப்பேசியில் சுவரின் படத்தைக் காட்டியதும் முகம் இறுகியது.

“என்னைக் கேட்டியா? நான் சீரழிஞ்சது ஊர்ச் சுவத்துல தொங்கணுமா?”

மகேஸ்வரி தரையில் உட்கார்ந்து தட்டில் நீலத்தைக் கலக்கத் தொடங்கினார். தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுப் புஷ்பமே சொன்னார்:

“இது இல்ல. அதுல கொஞ்சம் பச்சை ஓடும்.”

ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தது.

“இன்னும் தண்ணியா இருக்கும். வெயில் பட்டா பளபளன்னு இருக்கும். அழகாத்தான் இருந்துச்சு, பாவி மருந்து.”

நான்காவது முறை கலந்தபோது புஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருமல் வந்தது; நிற்க நேரமாயிற்று.

“அதேதான். தட்டைக் கழுவிடு. வீட்டுல இருக்க வேணாம்.”

“அப்ப வரையட்டுமாக்கா?”

புஷ்பம் தன் கைகளைப் பார்த்தார். நகங்கள் தடித்து, கறுத்து, கோணலாக வளர்ந்திருந்தன. சில விரல்களில் நகமே இல்லை.

“வரை. ஆனா கையில உறை போட்டு வரை. முழங்கை வரைக்கும்.”

“அப்ப யாரும் உறை குடுக்கலையேக்கா. போட்டா பொய்யாயிடும்.”

“பொய்யா இருந்துட்டுப் போகுது. அவ்வளவு பால் வெட்டினோம், ஒரு ஜோடி ரப்பர் உறை குடுக்கல. நீயாவது குடேன்.”

திரும்பும்போது மகேஸ்வரி பாதி வழியில் காடியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். “எட்டு மாசமா உண்மையா வரையணும்னு நினைச்சேன் தங்கச்சி,” என்றார்.

திங்கள், பிற்பகல் 2.00. கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, காலையிலிருந்தே வரைந்து முடித்திருந்தார். முதுகில் அந்த நீலம் வழிந்தது. கைகளில் முழங்கை வரை தடித்த மஞ்சள் உறைகள்.

காப்பிக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். உறைகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நீலத்தைச் சுட்டிக்காட்டி, உள்ளே நாற்காலிகளுக்கும் இதையே அடித்துத் தரமுடியுமா என்று மலாயில் கேட்டார்.

“அந்தக் கலர் தீர்ந்துபோச்சு,” என்றார் மகேஸ்வரி. டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது.

படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் மூச்சுத்தான் முதலில் கேட்டது.

“ரெண்டு கையிலயும் போட்டியா?”

“ரெண்டு கையிலயும் போட்டேன்க்கா.”

“சரி,” என்று சொல்லிப் புஷ்பம் வைத்துவிட்டார்.

மாலை 4.00 மணி ரயிலில் ஏறினேன். சுண்ணாம்பு மலைகள் பின்னால் போயின. எங்கள் ஊர்ப் பக்கமும் முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு மருந்தடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பேருந்து ஜன்னலிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இருபது ஆண்டுகளாக நான் வரைந்த வயல்களிலோ கொக்கு இருக்கிறது, வானவில் இருக்கிறது. அவர்களில் ஒருவரைக்கூட நான் வரைந்ததில்லை.