பத்துச் செருப்புக் கணக்கு

அயனம்பாக்கம் ஏரிக்கரைச் சாலையில் ஐம்பது சதவீதச் செருப்போடு நடந்துகொண்டிருந்தேன். வலது காலில் செருப்பு, இடது காலில் தார். தோளில் ஒரு பை; அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி. ஒரு மணி நேரம் முன்புவரை எனக்கு ஒரு வேலையும், மாடிப்படிக்குக் கீழே படுக்க இடமும் இருந்தன. ஐந்தாம் வகுப்புச் சதவீதக் கணக்கு ஒன்று இரண்டையும் வாங்கிக்கொண்டது.

வேலை ஒரு டியூஷன் சென்டரில். பெருக்குவேன், போர்டு துடைப்பேன், பிள்ளைகள் வாசலில் கழற்றிப் போடும் செருப்புகளை வரிசையாக வைப்பேன். சார் அம்பத்தூர்க்காரர், இன்ஜினியரிங் படித்தவர். அதை வாசல் பலகையில் எழுதி வைத்திருந்தார். பலகையைப் படிக்காதவர்களுக்கு வாயாலும் சொல்வார்.

அன்று மாலை ஒரு சிறுமி நோட்டை வைத்துக்கொண்டு அழுதாள். தொட்டியில் நாற்பது சதவீதத் தண்ணீர் செலவாகிவிட்டது, மீதி தொண்ணூறு லிட்டர், நிறைந்திருந்தபோது எவ்வளவு? மறுநாள் அவளுக்குப் பரீட்சை. சார் போர்டில் "லெட் எக்ஸ் பீ" என்று ஆரம்பித்தார்.

"சார், எக்ஸ் போட்டா மிஸ் மார்க் தர மாட்டாங்க. அது பெரிய கிளாஸுக்குத்தானாம்."

"எக்ஸ் இல்லாம எப்படிம்மா போடுறது?"

அவர் நிஜமாகவே கேட்கிறார் என்பது எனக்கு மட்டும் புரிந்தது. ஃபோன் வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கும் எக்ஸுக்கும் பழைய பகை. ஆவடியில் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் போர்டில் "x என்க" என்று எழுதினார்கள். 'என்க' என்ற சொல்லை அதற்கு முன்னும் பின்னும் எந்த மனித வாயிலும் நான் கேட்டதில்லை. டீக்கடையில் யாரும் 'ஒரு டீ என்க' என்பதில்லை. ஏன் என்க வேண்டும் என்று கேட்டேன். வெளியே நிற்க வைத்தார்கள். வெளியே காற்று நன்றாக இருந்தது. அப்படியே நடந்தவன்தான்.

சிறுமி தொண்ணூறில் நாற்பது சதவீதம் கண்டுபிடித்து, அதைத் தொண்ணூறோடு கூட்டி, நூற்றிருபத்தாறு என்று எழுதி அடித்திருந்தாள். அவளை வாசலுக்குக் கூப்பிட்டுப் பத்துச் செருப்பை வரிசையாக வைத்தேன். கடைசி இரண்டும் என்னுடையவை.

"இதான் தொட்டி. நூத்துக்கு நாப்பதுன்னா பத்துக்கு எத்தினி பாப்பா?"

"நாலு."

"நாலைத் தூக்கு. அது செலவான தண்ணி. மீதி இன்னா கீது?"

"ஆறு செருப்பு."

"ஆறுலயும் சேத்துதான் தொண்ணூறு லிட்டரு. ஒரு செருப்புல எத்தினி?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "பதினஞ்சு. அப்போ பத்து செருப்புல நூத்தி அம்பது! நாப்பது தொண்ணூறுக்கு இல்ல, தொட்டிக்கு!"

அழைத்துப் போக வந்த அம்மா பின்னாலேயே நின்று பார்த்திருக்கிறார். கோயமுத்தூர்க்காரர், ஏரிக்குப் பக்கத்து ஃபிளாட்டில் குடியிருப்பவர், கம்ப்யூட்டர் வேலை.

"எனக்கே இப்பத்தானுங்க புரியுது. நீங்க எந்தக் காலேஜுங்ணா?"

"ஆவடிங்க. எட்டாவது. அதுவும் முழுசா இல்ல."

அதற்குள் வெளியே வந்துவிட்ட சாரிடம் அவர் விளையாட்டாகச் சொன்னார்: "இனிமே இவரையே கிளாஸ் எடுக்கச் சொல்லிருங்க சார்."

சார் சிரித்தார். அவர்களுடைய ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை சிரித்தார். பிறகு அவருடைய இங்கிலீஷ் எல்லாம் கழன்றுவிட்டது.

"இன்னாடா, செருப்ப வச்சிகினு பாடம் நடத்துறியா? மானத்த வாங்குற?"

"எக்ஸு தெரியாது சார். செருப்புதான் இருந்துச்சி."

வரிசையின் கடைசிக்கு வந்து என்னுடையதை மட்டும் பார்த்து உதைத்தார். மற்றவை ஃபீஸ் கட்டும் செருப்புகள். என் இடது செருப்பு பக்கத்து மனையில் தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்து மூழ்கியது.

"கெளம்பு, உன் ஊட்டுக்குப் போ."

"இதான் சார் ஊடு."

சார் கையை நீட்டி, சென்டர் சாவியை வாங்கிக்கொண்டார்.

பூந்தமல்லிவரை நடந்து, பஸ் நிலையத்தில் படுத்தேன். காலையில் ஒரு கோயில் வாசலில், செருப்புகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் கொட்டகையில் ஆள் தேவை என்றார்கள். கொட்டகைக்காரர் முதலில் என் காலைத்தான் பார்த்தார்.

"கணக்கு வருமா அண்ணாத்தே?"

"செருப்பு இருந்தா வரும்."

"உக்காரு."

யாரும் தேடி வராத ஒற்றைச் செருப்புகள் மூலையில் குவிந்துகிடந்தன. இடது காலுக்கு ஒன்று எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நிறம்தான் வேறு.