பதிவாகாமல் போன பேச்சு

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு ஸ்டூடியோவில் நான்கு வருடம் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். யாரோ எடுத்து வந்த கல்யாணங்களை கம்ப்யூட்டரில் சரிசெய்வதுதான் வேலை. மாப்பிள்ளை முகத்துப் பருவை அழிப்பேன். மேடைக்குப் பின்னால் தெரியும் தண்ணீர் கேனை மறைப்பேன். ஒரு கல்யாணத்தைக்கூட நேரில் போய்ப் பார்த்ததில்லை. நானே வீடியோ எடுக்க வேண்டும் என்ற ஆசை அந்த நாற்காலியில் உட்கார்ந்தே வந்தது.

ஸ்டூடியோ முதலாளி முதலில் சிரித்தார். பிறகு வேலையில்லாத நாட்களில் பழைய கேமரா ஒன்றை எடுத்துப்போக விட்டார். ஞாயிறு காலைகளில் மலைப்படியில் ஏறி, காவடி எடுத்து வருகிறவர்களையும் மொட்டையடித்த குழந்தைகளையும் எடுத்துப் பழகினேன். முழங்காலை லேசாக மடக்கி நடந்தால் படம் ஆடாது என்று தெரிந்துகொண்டு, வீட்டுக்குள்ளும் அப்படியே நடந்தேன்.

"இன்னாடி, காலு வலியா? ஏன் இப்டி குந்திக் குந்தி நடக்கற?" என்று அம்மா கேட்டாள்.

வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். வழக்கமாக எடுக்கிற இரண்டு பேரும் வேறு கல்யாணங்களுக்குப் போய்விட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "பள்ளிப்பட்டு பக்கத்து ஆளுங்க. சின்ன கல்யாணம்தான். தாலி கட்டறத மட்டும் வுட்டுடாத. மத்தத சமாளிச்சிக்கலாம்."

தாலி கட்டியதை நன்றாகவே எடுத்தேன்.

பெண்ணின் அப்பா ஒல்லியான மனிதர். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், மீதி நாட்களில் கூலிக்குப் போகிறவர். புது வேட்டியின் மடிப்புக்கூடக் கலையவில்லை. மண்டபத்து வாசலில் பெண்ணை அழைத்துப்போகக் கார் வந்து நின்றதும் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"யம்மா, எம்பொண்ணாண்ட ரெண்டு வார்த்த பேசணும். அது வீடியோல வருமா?"

"ஆங், வரும்ங்க. நான் எடுக்கறேன்."

"எனக்குப் பேச வராது. ஒரு தபாதான் வரும்."

"ஒரு தபா போதும்ங்க."

கார் அருகில் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் வெயில். முகம் கறுத்துத் தெரிந்தது. நான் வெளிச்சத்தைக் கூட்டினேன், ஃபோகஸைத் திருப்பினேன், ஒரு அடி தள்ளி நின்றேன். கடைசியில் முகம் துல்லியமாகக் கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பேசி முடித்துத் துண்டால் கண்ணைத் துடைத்தவர், என்னைப் பார்த்து, "வந்துச்சா?" என்றார்.

"நல்லா வந்துச்சுங்க."

மறுநாள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். தரை ஓடியது. என் செருப்பு, சிதறிய அட்சதை, ஒரு நாயின் வால். அவருடைய வேட்டி ஓரம் தெரிந்ததும் படம் நின்றுபோனது. அடுத்த துண்டு, அவர் பேசி முடித்துத் திரும்பி நடக்கும் முதுகில் தொடங்கியது. அதற்கு முந்தைய காட்சியை எடுத்துவிட்டு கேமராவை நிறுத்த மறந்திருக்கிறேன். எடுப்பதாக நினைத்து பட்டனை அழுத்தியபோது கேமரா நின்றிருக்கிறது; நிறுத்துவதாக நினைத்து அழுத்தியபோது ஓட ஆரம்பித்திருக்கிறது.

முதலாளியிடம் சொன்னேன். "மொத வேலைல எல்லாருக்கும் நடக்கறதுதான். அங்க நாலு போட்டோவ வெச்சி ஒரு பாட்டப் போட்டுடு. யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். அப்படியே செய்தேன். யாரும் கேட்கவில்லை. மெல்ல நானும் அதை மறக்கத் தொடங்கினேன்.

ஆடி கழிந்து ஒரு மத்தியானம் அந்தப் பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். தலையில் பூ இல்லை. வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன அப்பா வரப்பிலேயே விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

"பென்டிரைவ்ல நைனா பேசறது வர்லக்கா. பாட்டுதான் வருது. பாட்டு இல்லாதது ஒங்களாண்ட இருக்கும்ல?"

முதலாளி எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க பக்கத்துலதான நின்னுகினு இருந்தீங்க. இன்னா சொன்னாரு?"

ஞாபகம் இல்லை என்றேன். அவர் நெற்றிச் சுருக்கம் தெரியும், துண்டின் கரை என்ன நிறம் என்று தெரியும். ஒரு வார்த்தைகூடத் தெரியவில்லை.

"எனக்கும் ஞாபகம் இல்லக்கா" என்றாள். "அழுதுகினே இருந்தேன், மேளம் வேற. வீடியோ எடுக்கறாங்களே, அப்றமா நல்லா கேட்டுக்கலாம்னு வுட்டுட்டேன்."

அன்று எடுத்த எல்லாவற்றையும் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். பந்தியை எடுத்த இடத்தில், படத்துக்கு வெளியேயிருந்து ஒரு குரல் கேட்டது: "அந்த மூலைக்கு ரசம் வர்ல பாரு." அவள் "நைனா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பத் திரும்ப அதையே போடச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அவர்கள் ஊருக்குப் போனேன். கல்யாணத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்களின் போன்களையெல்லாம் அவள் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். ஒன்றில் மட்டும் சில நொடி கிடைத்தது. அவர் உதடு அசைகிறது, கேட்பதெல்லாம் மேளம். மேளத்தைக் குறைத்தால் குரல் வருமா என்று அங்கேயே முயன்றேன். மேளத்தோடு சேர்ந்து எல்லாமே அடங்கிப்போனது.

அவளுடைய அம்மா சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாத்தச் சொல்லியிருக்கப் போறாரு. நல்லா இருன்னு சொல்லியிருப்பாரு. வுடுடி."

"இல்லம்மா," என்றாள் அவள். "அவ்ளோ நேரம் பேசனாரே."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பாதி இலையிலேயே எழுந்து கை கழுவினேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் கூட வந்தாள். என் பையை அவளே சுமந்தாள். பஸ் தெரிந்ததும், "இனிமே கல்யாணத்துக்கெல்லாம் போவீங்களா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"போங்கக்கா," என்று பையை நீட்டினாள்.

போனேன். இப்போது சொந்தக் கேமரா வைத்திருக்கிறேன். பெண்ணை அனுப்பிவைக்கும் நேரம் வந்தால் மட்டும், கேமரா ஓடுகிறதா என்று இன்னமும் இரண்டு தடவை பார்த்துக்கொள்வேன்.

போன தை மாதம் மலையில் ஒரு காதுகுத்து எடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய குழந்தை; பக்கத்தில் அவள் கணவன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். போன் அவன் கையில் ஆடிக்கொண்டே இருந்தது. நான் போய் எடுத்துக் கொடுத்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. போகவில்லை. அவர்கள் படியிறங்கிப் போகும்வரை, எடுத்து முடித்த காட்சியையே திரையில் திரும்பப் பார்ப்பதுபோல் குனிந்து நின்றிருந்தேன்.