குருசுமுத்துவின் கட்டில் எந்தப் பங்கு?

1987 கடைசியில், முந்தின வருடம் மட்டக்களப்பில் விட்டுவந்த மனைவி விக்ரோரியாவை டென்மார்க்குக்கு அழைக்கக் குருசுமுத்து விண்ணப்பம் போட்டார். ஒரு வருடம் போயும் பதில் இல்லை. கோல்டிங் இறைச்சித் தொழிற்சாலையில் வேலைசெய்த மற்றத் தமிழர்களுக்கும் அதே கதைதான். அவர்கள் அரசாங்கத்தைத் திட்டினார்கள். குருசுமுத்து தன்னையே திட்டிக்கொண்டார்.

"பங்குச் சுவாமியின்ர கடிதம் வைக்காமல் அனுப்பிப்போட்டன், தம்பி."

"அண்ணை, உங்களுக்கு விசரே?" என்றான் பக்கத்தில் நின்று பன்றி அரிந்த யாழ்ப்பாணத்துத் தேவராசா. "இது டென்மார்க்!"

குருசுமுத்து அசையவில்லை. ஊரில் பள்ளிக்கூட அனுமதிக்கும் பங்குக் கோயில் சுவாமியின் கடிதம்தான். இராணுவம் பிடித்துப்போன அவருடைய தம்பியை மீட்டதும் அதே கடிதம்தான். துப்பாக்கிக்காரனே மதித்த காகிதத்தைக் கோட்டுப் போட்ட எழுதுவினைஞர் மதிக்கமாட்டாரா?

கோல்டிங்குக்கு வெளியே, வயல் நடுவே, ஓடைக்கரையில் ஒற்றை அறை வீட்டில் அவர் வாடகைக்கு இருந்தார். அடுத்த ஞாயிறே சைக்கிளில் போய் பக்கத்து ஸ்கோல்பெக் கோயில் பங்கின் போதகர் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவர் ஒரு பெண். பங்கின் போதகரே அவர்தான், பெயர் கிர்ஸ்டன். கத்தோலிக்கரான குருசுமுத்து ஒரு நிமிடம் வாசற்படியைப் பார்த்து யோசித்தார். பிறகு, அவசரத்துக்குப் பாவமில்லை என்று தீர்மானித்து, "சுவாமி" என்றே அழைத்தார்.

கிர்ஸ்டன் வரைபடத்தை விரித்தார். "உங்கள் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். அது நீலுண் பங்கு."

நீலுண் பங்கின் கிழப்போதகரோ, ஓடையே ஒரு மோசடி என்றார். 1930களில் விவசாயிகள் அதை வெட்டி நேராக்கினார்களாம். பழைய வளைவுதான் எல்லை. ஆகவே வீடு ஸ்கோல்பெக்குக்கே.

இப்படித்தான் குருசுமுத்து எண்ணூறு வருடச் சரித்திரத்துக்குள் விழுந்தார். ஸ்கோல்பெக் ஒருகாலம் போதகருக்குச் சோறுபோட வழியில்லாமல் நீலுணோடு சேர்ந்தது. கோயில் வாங்குப் பலகையில் யார் முன்னுக்கு இருப்பது என்ற சண்டையில் பிரிந்தது. சேற்றில் நடக்கப் பஞ்சிப்பட்ட மூன்று சோம்பேறிப் பண்ணைக்காரர் நீலுணுக்குத் தாவினார்கள். 1970இல் பங்குக்கென்று இருந்த ஊராட்சியையும் நகரம் விழுங்கியது. பஞ்சிக்காகவும் வாங்குக்காகவும் நகர்ந்த எல்லைகள் இவை. ஆனால் தலைநகரத்தில் ஒரு அலுமாரித் தட்டில் கிடந்த அவருடைய விண்ணப்பம் மட்டும் ஒரு விரற்கடை நகரவில்லை.

மாசியில் பனி உருகியபோது, பழைய ஓடையின் வளைவு பள்ளமாகத் தெரிந்தது. குருசுமுத்து அதன்மேல் கயிறு கட்டி, இரண்டு போதகர்களையும் வரவழைத்து, தேத்தண்ணி கொடுத்தார். கயிறு வீட்டின் ஒரு சுவரில் முட்டி மறுசுவரில் வெளிப்பட்டது. அடுப்பு நீலுணில், கட்டில் ஸ்கோல்பெக்கில்.

"தூங்கும் இடம்தான் வசிக்கும் இடம்" என்று கிழவர் தீர்ப்புச் சொல்லி, மூன்றாவது கோப்பையை நீட்டினார்.

கிர்ஸ்டன் அங்கேயே எழுதினார்: 'கட்டில் இருக்கும் இடத்தின்படி குருசுமுத்து என் பங்கைச் சேர்ந்தவர். நல்ல மனிதர். மனைவிக்காகக் காத்திருக்கிறார்.' கிழவரும் சாட்சியாகக் கையெழுத்திட்டார். குருசுமுத்து அதை அன்றே தலைநகரத்துக்குத் தபாலில் அனுப்பினார்.

அந்த வருடமே விண்ணப்பங்கள் அசைந்தன. தமிழர்களின் கோப்புகளை மேலிடம் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்ததாம், யாரோ கேள்வி கேட்டதில் எடுத்தார்களாம். பத்திரிகையைப் பார்த்துத் தேவராசா விளங்கப்படுத்தினான்.

"கேள்வி கேக்கவைச்சது ஆரெண்டு நினைக்கிறாய்?" என்றார் குருசுமுத்து.

தேவராசா பத்திரிகையை மடித்துவைத்தான். அவனுடைய மனைவிக்கும் அந்தக் கிழமைதான் அனுமதி வந்திருந்தது.

விக்ரோரியா கார்த்திகையில் வந்து இறங்கினாள். பெட்டியை வைக்குமுன்பே குருசுமுத்து அவளுக்கு எல்லையைக் காட்டினார். இது ஸ்கோல்பெக், அது நீலுண், இந்த இடத்தில் பார்த்து நட.

அவள் குளிர்ச்சட்டையையும் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். பல்லு நடுங்கியது.

"மூண்டு வருசம் ஒரு கோட்டுக்கு அங்கால நிண்டிட்டு வாறன். இஞ்சயும் கோடா? அந்தப் பக்கத்தைப் பிடியுங்க."

இருவருமாகக் கட்டிலைத் தூக்கி, எல்லை தாண்டி, அடுப்போடு ஒட்டிப் போட்டார்கள். அவள் அப்படியே படுத்து, அடுத்தநாள் மத்தியானம் வரை எழும்பவில்லை.

குருசுமுத்து விடிந்ததும் சைக்கிளை எடுத்தார். ஸ்கோல்பெக் போதகரின் வாசலில் தொப்பியைக் கழற்றி, மனவருத்தத்தோடு அறிவித்தார்:

"சுவாமி, நாங்கள் பங்கு மாறிட்டம்."